இறக்குமதி வரி யார் தலையில் விழுகிறது?

கேள்வி இது: "வெளிநாட்டுப் பொருளுக்கு வரி போட்டால் உள்நாட்டு உற்பத்தியாளருக்கு லாபம், வாங்குகிறவருக்கு நஷ்டம் என்கிறார்கள். அவ்வளவுதானா? அந்த வரியை உண்மையில் கட்டுவது யார், பொருளை அனுப்பும் நாடா, வாங்கும் நாடா?"

பாடப்புத்தகம் சொல்வது ஏறக்குறைய நீங்கள் எழுதியிருப்பதுதான். அது பாதி சரி. மீதிப் பாதியில்தான் விஷயமே இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் பணம் கைமாறும் இடத்தைப் பார்த்துவிடுவோம். சரக்கு துறைமுகத்தில் இறங்கியதும் சுங்கத்துறையில் வரியைக் கட்டுவது இறக்குமதியாளர். பெரும்பாலும் அது உள்நாட்டு நிறுவனம்தான். அனுப்பிய நாட்டின் அரசு ஒரு காசும் கட்டுவதில்லை. "அந்த நாட்டின் மீது 25 சதவீத வரி" என்று செய்தியில் வந்தாலும் ரசீது இந்தப் பக்கத்து நிறுவனத்தின் பெயரில்தான் எழுதப்படும். ஆனால் கட்டுகிறவரே அதைச் சுமக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இறக்குமதியாளர் மூன்று பக்கமும் தள்ளிப் பார்ப்பார். அனுப்புகிறவரிடம் விலையைக் குறைக்கச் சொல்வார், வாங்குகிறவரிடம் விலையை ஏற்றுவார், இரண்டும் நடக்காததைத் தன் லாபத்தில் கழித்துக்கொள்வார். எந்தப் பக்கம் எவ்வளவு போகும் என்பது யாருக்கு மாற்று வழி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சரக்கை வேறு நாட்டில் விற்க முடிகிற ஏற்றுமதியாளர் விலையைக் குறைக்க மாட்டார். வேறு பொருளுக்கு மாற முடிகிற நுகர்வோர் கூடுதல் விலை தர மாட்டார். போக்கிடம் இல்லாதவர் யாரோ அவர் தலையில்தான் வரி விழும்.

கோட்பாட்டின்படி, மிகப் பெரிய சந்தை உள்ள நாடு வரி போட்டால் ஏற்றுமதியாளர்கள் விலையைக் குறைத்தே தீர வேண்டியிருக்கும். உலகத் தேவையில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது என்றால் சரக்கை வேறெங்கே கொண்டுபோவது? ஆனால் 2018, 2019-இல் சீனப் பொருள்கள் மீது அமெரிக்கா வரி போட்டபோது பொருளியலாளர்கள் சுங்கத் தரவுகளை எடுத்து அலசினார்கள். வரியைச் சேர்க்காமல் சீனர்கள் கேட்ட விலை கிட்டத்தட்ட அசையவே இல்லை. வரி முழுவதும் அமெரிக்க இறக்குமதியாளர்கள் மேலேயே விழுந்தது. உருக்கில் மட்டும், ஓராண்டு போன பிறகு, வெளிநாட்டு விற்பனையாளர்கள் ஓரளவு விலையைக் குறைத்தார்கள். அவ்வளவு பெரிய சந்தைக்கே இந்தக் கதி என்றால் சின்ன நாடுகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அவை வரி போட்டாலும் போடாவிட்டாலும் உலக விலை அப்படியேதான் இருக்கும்.

இப்போது கொஞ்சம் கணக்கு. கற்பனை எண்கள்தான், ஆனால் தர்க்கம் உண்மையானது. ஒரு பொருளின் உலக விலை 100. அந்த விலையில் ஒரு நாட்டு மக்கள் ஆண்டுக்கு 10 லட்சம் வாங்குகிறார்கள். உள்நாட்டில் செய்வது 4 லட்சம், வெளியிலிருந்து வருவது 6 லட்சம். அரசு 20 சதவீத வரி போடுகிறது. விலை 120 ஆகிறது. கவனியுங்கள், இறக்குமதிப் பொருளின் விலை மட்டும் ஏறவில்லை. போட்டியாளர் 120-க்கு விற்கும்போது உள்நாட்டுக்காரர் ஏன் 100-க்கு விற்கப்போகிறார்? அவரும் 120 என்பார். நல்ல விலை கிடைப்பதால் உள்நாட்டு உற்பத்தி 6 லட்சமாக உயர்கிறது. விலை அதிகம் என்று சிலர் வாங்காமல் விடுவதால் மொத்த விற்பனை 9 லட்சமாகக் குறைகிறது. மிச்சம் 3 லட்சம்தான் இறக்குமதி.

வாங்குகிறவர்களுக்கு மொத்த இழப்பு 190 லட்சம்: 9 லட்சம் பொருளுக்கு 20 வீதம் 180, வாங்காமல் விட்டவர்களின் இழப்பு சுமார் 10. அதில் 100 லட்சம் உள்நாட்டு உற்பத்தியாளர் பைக்குப் போகிறது, 60 லட்சம் அரசுக் கஜானாவுக்கு. கூட்டினால் 160. மீதி 30 லட்சம் எங்கே? யாருக்கும் போகவில்லை. 100-க்குக் கிடைக்கிற பொருளைச் செய்ய உள்நாட்டில் 110, 115 என்று செலவழித்ததில் 20 லட்சம் வீணாயிற்று. 100 கொடுத்து வாங்கத் தயாராக இருந்தவர்கள் 120 என்றதும் வாங்காமல் போனதில் 10 லட்சம் போயிற்று. பொருளியலாளர்கள் வரியைக் குறை சொல்லும்போது அவர்கள் மனதில் இருப்பது இந்த 30. அரசியலில் சண்டை நடப்பதோ அந்த 100-ஐப் பற்றி.

இந்தக் கணக்கு நிஜ வாழ்க்கையில் எப்படி நடக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்து துணி துவைக்கும் இயந்திரத்தைவிட நல்ல உதாரணம் இல்லை. அமெரிக்க நிறுவனமான வேர்ல்பூல், கொரிய நிறுவனங்களான சாம்சங்கும் எல்ஜியும் அடிமாட்டு விலைக்கு விற்பதாகப் புகார் செய்தது. கொரியாவிலும் மெக்சிகோவிலும் இருந்து வரும் இயந்திரங்களுக்குப் பொருள் குவிப்புத் தடுப்பு வரி (மலிவாகக் கொட்டி விற்பதைத் தடுக்கும் வரி) விதிக்கப்பட்டது. இரு நிறுவனங்களும் உற்பத்தியைச் சீனாவுக்கு மாற்றின. பிறகு சீனாவுக்கு வரி வந்தது. தாய்லாந்துக்கும் வியட்நாமுக்கும் போனார்கள். இந்த ஓட்டத்தில் கடை விலை ஏறவே இல்லை என்று சொல்லலாம். காரணம், உற்பத்தியாளர்களுக்குப் போக்கிடம் இருந்தது.

2018 ஜனவரியில் அமெரிக்கா அந்தக் கதவை மூடியது. எந்த நாட்டிலிருந்து வந்தாலும் வரி (ஒரு சில விதிவிலக்குகள் தவிர): ஆண்டில் முதல் 12 லட்சம் இயந்திரங்களுக்கு 20 சதவீதம், அதற்கு மேல் 50 சதவீதம். இப்போது விலை ஏறியது, சுமார் 12 சதவீதம். அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வையும் சிகாகோ பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த மூன்று பொருளியலாளர்கள் கடை விலைகளை வைத்து ஆராய்ந்தார்கள். துவைக்கும் இயந்திரத்துக்குச் சுமார் 86 டாலர் ஏறியிருந்தது. வேடிக்கை என்னவென்றால், துணி உலர்த்தும் இயந்திரத்துக்கு வரியே கிடையாது, ஆனாலும் அது 92 டாலர் ஏறியிருந்தது. அங்கே இரண்டையும் ஜோடியாக வாங்குவது வழக்கம், பெரும்பாலும் ஒரே விலையில். விற்பவர்கள் வரிச்சுமையை இரண்டின் மேலும் பங்குபோட்டுவிட்டார்கள். உள்நாட்டு நிறுவனங்களும் விலையை ஏற்றின, மேலே கணக்கில் பார்த்தது போலவே.

நன்மை இல்லாமல் இல்லை. சாம்சங் தெற்குக் கரோலினாவிலும் எல்ஜி டென்னசியிலும் ஆலை திறந்தன. வேர்ல்பூலும் ஆள் எடுத்தது. மொத்தம் 1,800 புதிய வேலைகள் என்பது அந்த ஆய்வின் மதிப்பீடு. நுகர்வோர் கூடுதலாகக் கொடுத்தது ஆண்டுக்கு 150 கோடி டாலர். அரசுக்கு வரியாக வந்தது 8.2 கோடி டாலர்தான். வகுத்துப் பார்த்தால் ஒரு வேலைக்கு 8 லட்சம் டாலருக்கு மேல் செலவு. அந்த 1,800 பேருக்கும் வீட்டிலேயே உட்காரவைத்துச் சம்பளம் கொடுத்திருந்தால்கூட இதில் பத்தில் ஒரு பங்கு ஆகியிருக்காது என்று கிண்டலாகச் சொல்லத் தோன்றும். ஆனால் வேலை என்பது சம்பளம் மட்டும் இல்லை, அதனால் அந்தக் கிண்டலை ஓரளவுக்கு மேல் நீட்ட மாட்டேன்.

கதை இன்னும் முடியவில்லை. அதே ஆண்டு மார்ச்சில் உருக்குக்கு 25 சதவீதமும் அலுமினியத்துக்கு 10 சதவீதமும் வரி வந்தது. துவைக்கும் இயந்திரம் செய்ய நிறைய உருக்கு வேண்டும். வரியைக் கேட்டு வாங்கிய அதே வேர்ல்பூல், மூலப்பொருள் விலை ஏறிவிட்டது என்று சில மாதங்களில் முதலீட்டாளர்களிடம் புலம்ப வேண்டியதாயிற்று.

உங்கள் கேள்வியில் நான் திருத்த விரும்புவது இந்த இடத்தைத்தான். "உற்பத்தியாளர் ஒரு பக்கம், நுகர்வோர் ஒரு பக்கம்" என்ற பிரிவு வசதியானது, ஆனால் ஒவ்வொரு உற்பத்தியாளரும் வேறு ஏதோ ஒன்றின் நுகர்வோர். உலக வர்த்தகத்தில் பெரும்பகுதி, கடையில் வைத்து விற்கிற முடிந்த பொருள் இல்லை. தகடு, ரசாயனம், மோட்டார், சிப், நூல் என்று இன்னொரு ஆலைக்குள் போகிற சரக்குதான். ஆகவே வரி போட்டால் பெரிய மோதல் நடப்பது உற்பத்தியாளருக்கும் உற்பத்தியாளருக்கும் இடையே. அமெரிக்காவில் உருக்கு ஆலையில் வேலை செய்யும் ஒருவருக்கு, உருக்கை வாங்கிப் பொருள் செய்யும் தொழில்களில் ஏறத்தாழ 80 பேர் வேலை செய்கிறார்கள் என்று ஒரு மதிப்பீடு உண்டு. அந்த ஒருவரின் வேலையைக் காப்பாற்றும் வரி, 80 பேரின் ஆலைக்குச் செலவை ஏற்றுகிறது. அவர்கள் ஏற்றுமதி செய்பவர்களாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். வெளிநாட்டுப் போட்டியாளர் மலிவான உருக்கில் செய்து விற்கும்போது இவர்களால் விலையை ஏற்ற முடியாது.

சர்க்கரையிலும் இதே கதைதான். அமெரிக்கா தன் சர்க்கரை விவசாயிகளைக் காக்க இறக்குமதிக்கு நெடுங்காலமாக அளவு வரம்பு வைத்திருக்கிறது. அதனால் அங்கே சர்க்கரை விலை உலக விலையைவிடப் பெரும்பாலும் கணிசமாக அதிகம். லைஃப் சேவர்ஸ் என்ற புகழ்பெற்ற மிட்டாயை மிச்சிகனில் செய்துகொண்டிருந்த ஆலை 2000-களின் தொடக்கத்தில் மூடப்பட்டு, உற்பத்தி கனடாவுக்குப் போனது. மிட்டாயில் சர்க்கரைதானே எல்லாம்! சர்க்கரையாக உள்ளே வர முடியாதது, மிட்டாயாக உள்ளே வந்தது.

வரிவிகிதத்தைத் தனியாகப் பார்த்தால் போதாது என்பதும் இதிலிருந்து புரியும். மூலப்பொருளுக்கு எவ்வளவு, முடிந்த பொருளுக்கு எவ்வளவு என்ற இடைவெளிதான் முக்கியம். ஐரோப்பிய ஒன்றியத்தில் பச்சைக் காபிக் கொட்டைக்கு வரி இல்லை, வறுத்த காபிக்கு 7.5 சதவீதம். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் வறுப்பதில் சேரும் மதிப்பு விலையில் ஒரு பகுதிதான், வரியோ முழு விலைக்கும் விழுகிறது. 100-க்குக் கொட்டை வாங்கி வறுத்து 130-க்கு விற்கிறார் என்று வையுங்கள். 130-க்கு 7.5 சதவீதம் என்றால் ஏறக்குறைய 10. வறுத்ததால் கிடைக்கும் 30-க்கு முன் அந்த 10-ஐ வைத்துப் பாருங்கள், மூன்றில் ஒரு பங்கு. கொட்டை விளைகிற நாடுகள் அதை ஏன் அங்கேயே வறுத்து அனுப்புவதில்லை என்று கேட்பவர்களுக்கு, இது முழுப் பதில் இல்லாவிட்டாலும் பதிலின் ஒரு பகுதி.

சரி, ஏற்றுமதியாளருக்கு வருவோம். இறக்குமதிக்கு வரி போட்டால் ஏற்றுமதியாளருக்கு என்ன என்று தோன்றும். இரண்டு வழியில் அடி விழும். ஒன்று நேரடியானது, பதிலடி. 2018 ஜூலையில் சீனா அமெரிக்க சோயாபீன்ஸுக்கு 25 சதவீத வரி போட்டது. 2017-இல் சுமார் 1,200 கோடி டாலருக்குச் சீனா வாங்கிய சோயா, 2018-இல் சுமார் 300 கோடியாகச் சரிந்தது. சீனாவுக்கு மாற்று வழி இருந்தது, பிரேசில். விதைத்துவிட்டு அறுவடைக்குக் காத்திருந்த அமெரிக்க விவசாயிக்கு அந்த நேரத்தில் எந்த வழியும் இல்லை. அமெரிக்க அரசு 2018-இல் 1,200 கோடி டாலர், அடுத்த ஆண்டு 1,600 கோடி டாலர் என்று நிவாரணம் அறிவித்தது. அதாவது சீனப் பொருள் வாங்கிய அமெரிக்கர்களிடம் வசூலித்த வரியில் பெரும்பகுதி, சீனாவுக்கு விற்க முடியாத அமெரிக்கர்களுக்குப் போனது. இதற்கு நடுவில் பிரேசில் விவசாயிகள் சந்தையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருமுறை போன வாடிக்கையாளர், வரி நீங்கியதும் அப்படியே திரும்பி வந்துவிட மாட்டார்.

பதிலடியைக் குருட்டாம்போக்கில் போடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் உருக்கு வரிக்குப் பதிலடியாகத் தேர்ந்தெடுத்தவற்றில் போர்பன் விஸ்கியும் ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிளும் இருந்தன. ஒன்று கென்டக்கியில் தயாராவது, மற்றது விஸ்கான்சின் நிறுவனத்துடையது. அப்போது அமெரிக்க செனட்டின் பெரும்பான்மைத் தலைவர் கென்டக்கிக்காரர், பிரதிநிதிகள் சபைத் தலைவர் விஸ்கான்சின்காரர். மோட்டார் சைக்கிள் வரி 6 சதவீதத்திலிருந்து 31 ஆனதும், ஐரோப்பாவுக்கான வண்டிகளை வெளிநாட்டில் செய்யப்போவதாக ஹார்லி அறிவித்தது. உருக்கு ஆலையைக் காக்கப் போட்ட வரிக்கு மோட்டார் சைக்கிள் தொழிலாளி விலை கொடுத்தார்.

இரண்டாவது வழி கண்ணுக்குத் தெரியாதது, யாரும் பதிலடி கொடுக்காவிட்டாலும் நடப்பது. ஒரு நாடு இறக்குமதியைக் குறைத்தால் அதற்கு வெளிநாட்டுப் பணத்தின் தேவை குறையும், தன் நாணயத்தின் மதிப்பு ஏறும். நாணயம் ஏறினால் அந்த நாட்டு ஏற்றுமதிப் பொருள் வெளியில் விலை கூடியதாகத் தெரியும். அதோடு, வரியால் பாதுகாக்கப்பட்ட தொழில் கூடுதல் ஆளையும் முதலையும் இழுத்துக்கொள்ளும். அவை எங்கிருந்தோதான் வர வேண்டும், ஏற்றுமதித் தொழிலிலிருந்தும் வரும். இறக்குமதிக்குப் போடும் பொதுவான வரி, கடைசியில் ஏற்றுமதிக்குப் போட்ட வரி போலவே வேலை செய்யும் என்று 1936-இல் ஆபா லெர்னர் என்ற பொருளியலாளர் காட்டினார். கேட்டவுடன் நம்ப முடியாது. ஆனால் இறக்குமதிக்கு ஏற்றுமதியால்தான் விலை கொடுக்கிறோம் என்பதை யோசித்தால், ஒன்றை நெரித்தால் மற்றதும் நெரிபடும் என்பது புரியும்.

வரிக்குப் பதில் எண்ணிக்கைக் கட்டுப்பாடு வைத்தால் என்ன ஆகும்? பெரும்பாலும் இன்னும் மோசம். 1981-இல் அமெரிக்காவின் நெருக்குதலால் ஜப்பான் தானாகவே முன்வந்து (அப்படித்தான் பெயர் வைத்தார்கள்) கார் ஏற்றுமதியை ஆண்டுக்கு 16.8 லட்சம் என்று வரம்பிட்டது. கார் குறைந்ததும் விலை ஏறியது. ஆனால் வரி என்றால் ஏறிய விலையில் ஒரு பங்கு அரசுக்கு வரும். இங்கே அது முழுக்க ஜப்பான் நிறுவனங்களின் லாபமாயிற்று. எண்ணிக்கைக்குத்தானே வரம்பு, விலைக்கு இல்லையே என்று அவர்கள் பெரிய, சொகுசான, விலை கூடிய கார்களை அனுப்பத் தொடங்கினார்கள். அமெரிக்கக் கார் தொழிலின் மையமான டெட்ராய்ட்டின் அதிக லாபம் தரும் பிரிவுக்குள்ளேயே போட்டி நுழைந்தது. தன் நுகர்வோரின் பணத்தை எடுத்துப் போட்டியாளரிடம் கொடுத்து, மேல்தட்டுச் சந்தைக்கு வழியும் காட்டிய கொள்கை இது.

இவ்வளவு சொன்ன பிறகு, "அப்படியானால் வரியே வேண்டாம், தடையில்லா வர்த்தகம் எல்லாருக்கும் நல்லது" என்று முடித்துவிடலாம் என்று நினைப்பீர்கள். இல்லை.

தடையில்லா வர்த்தகத்தின் வாதம் வலுவானது. 1817-இல் ஆங்கிலேயப் பொருளியலாளர் டேவிட் ரிக்கார்டோ சொன்ன எண்கள் இன்றும் பாடத்தில் வருகின்றன. ஓராண்டுக்கான துணி நெய்ய இங்கிலாந்தில் 100 பேர் வேண்டும், திராட்சை மது செய்ய 120 பேர். போர்த்துகலில் துணிக்கு 90, மதுவுக்கு 80. இரண்டிலும் போர்த்துகல்தான் கெட்டிக்கார நாடு. இருந்தும் மதுவில் அதன் மேன்மை கூடுதல் என்பதால், அது மதுவைச் செய்து கொடுத்துத் துணியை வாங்கிக்கொண்டால் 90 பேர் உழைப்புக்குரிய துணி 80 பேர் உழைப்பில் கிடைக்கும். இங்கிலாந்துக்கு 120 பேர் உழைப்புக்குரிய மது 100 பேர் உழைப்பில் கிடைக்கும். இரு நாடுகளுக்கும் லாபம். இதில் தப்பில்லை.

ஆனால் இந்தக் கணக்கில் "நாடு" என்ற ஒரே ஆள்தான் இருக்கிறார். போர்த்துகலில் துணி நெய்துகொண்டிருந்தவர் மறுநாள் காலையில் திராட்சைத் தோட்டக்காரராக மாறிவிடுவார் என்று அது எடுத்துக்கொள்கிறது. நிஜத்தில் தறிக்காரருக்கு 50 வயது, வீட்டுக் கடன் பாக்கி, தெரிந்தது ஒரே தொழில், ஊரில் இருந்தது ஒரே ஆலை. இங்கே போக்கிடம் இல்லாதவர் உற்பத்தி செய்கிறவர்தான். 2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்த பிறகு அமெரிக்காவுக்கு வந்த இறக்குமதி வெள்ளத்தை டேவிட் ஆட்டர், டேவிட் டோர்ன், கார்டன் ஹான்சன் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் ஊர் ஊராக ஆராய்ந்தார்கள். வேலை போனவர்கள் வேறு ஊருக்குப் போய் வேறு வேலை தேடிக்கொள்வார்கள் என்று பொருளியலாளர்கள் நம்பியிருந்தார்கள். பெரும்பாலும் அவர்கள் போகவில்லை. மரச்சாமான், துணி, பொம்மை செய்த ஊர்களில் பத்தாண்டு கழித்தும் வேலைவாய்ப்பு மீளவில்லை. ஆலை மூடினால் அதை நம்பியிருந்த உணவகமும் முடிதிருத்தகமும் சேர்ந்தே மூடும். வீட்டை விற்று வெளியேறலாம் என்றால் வீட்டுக்கே விலை இருக்காது. 1999 முதல் 2011 வரை இந்தப் போட்டியால் 20 லட்சத்துக்கு மேல் வேலைகள் போயிருக்கலாம் என்பது இந்த ஆய்வு வரிசையின் மதிப்பீடு.

ஆதாயம் கோடிக்கணக்கான மக்களுக்கு ஆளுக்குக் கொஞ்சமாகப் போகும், இழப்பு சில ஊர்களில் மொத்தமாக வந்து விழும். ஆதாயம் பெற்றவர்கள் இழந்தவர்களுக்கு ஈடு கொடுத்த பிறகும் மிச்சம் இருக்கும் என்று பாடப்புத்தகம் சொல்லும். ஆனால் கொடுத்தார்களா? என் கருத்தில், தடையில்லா வர்த்தகத்தை ஆதரித்தவர்களின் பெரிய குற்றம் இந்தக் கேள்வியை அரசியல்வாதிகள் பாடு என்று விட்டுவிட்டதுதான். அதே சமயம், பத்தாண்டு கழித்துப் போடும் வரி மூடிய ஆலையைத் திறந்துவிடாது. அந்த வேலை அதற்குள் இன்னொரு நாட்டுக்கோ இயந்திரத்துக்கோ போயிருக்கும்.

வளரும் நாடுகளில் வரிக்கு ஆதரவாகச் சொல்லப்படும் இன்னொரு வாதம், குழந்தைத் தொழில். புதிய தொழில் கற்றுக்கொண்டு வளரும் வரை போட்டியிலிருந்து காக்க வேண்டும் என்பது. அமெரிக்காவின் முதல் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன் 1791-இலேயே சொன்னது இது. தென் கொரியா 1960, 70-களில் இதைச் செய்து வென்றது. பிரேசில் 1980-களில் உள்நாட்டுக் கணினித் தொழிலை வளர்க்க வெளிநாட்டு இயந்திரங்களைத் தடுத்துப் பார்த்தது. மக்கள் பல மடங்கு விலை கொடுத்துப் பழைய தொழில்நுட்பத்தை வாங்கினார்கள், கடத்தல் பெருகியது, கணினியை நம்பிய மற்ற தொழில்கள் பின்தங்கின. 1990-களின் தொடக்கத்தில் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. இரண்டு இடத்திலும் பாதுகாப்பு இருந்தது. வித்தியாசம் என்ன? கொரியாவில் பாதுகாப்போடு ஏற்றுமதி இலக்கும் வந்தது. உள்நாட்டில் போட்டியில்லாமல் விற்கலாம், ஆனால் வெளிநாட்டுச் சந்தையில் விற்றுக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் மலிவுக் கடன் நின்றுவிடும். ஹூண்டாய் தன் போனி காரை 1975-இல் செய்யத் தொடங்கி, அடுத்த ஆண்டே ஈக்வடாருக்கு அனுப்பியது. வெளிநாட்டு வாடிக்கையாளர் தேசப்பற்றுக்காக வாங்க மாட்டார், அவர் வாங்கினால்தான் தரம் தேறியது என்று அர்த்தம். உள்நாட்டு நுகர்வோரை மட்டும் கட்டிப்போட்டு வளர்க்கிற குழந்தை பெரும்பாலும் வளர்வதே இல்லை.

நுகர்வோர் என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதற்குள்ளும் ஏற்றத்தாழ்வு உண்டு. வருமானம் குறைந்தவர் சம்பாதிப்பதில் பெரும்பகுதியைப் பொருள் வாங்கவே செலவழிக்கிறார், வசதியானவர் சேவைக்கும் சேமிப்புக்கும். வரி விழுவதோ பொருள் மேல். போதாததற்கு வரி அட்டவணைகளே சாய்ந்திருக்கின்றன. அமெரிக்க அட்டவணையில் காஷ்மீர் கம்பளி ஸ்வெட்டருக்கு 4 சதவீதம், அக்ரிலிக் என்ற செயற்கை இழை ஸ்வெட்டருக்கு 32 சதவீதம் என்பது பிரபலமான உதாரணம். யாரும் ஏழைகளை வாட்ட வேண்டும் என்று உட்கார்ந்து எழுதியதில்லை. பேச்சுவார்த்தைகளில் எவருக்காக யார் வாதாடினார்களோ அந்தப் பொருளின் வரி குறைந்தது. மலிவு ஸ்வெட்டர் வாங்குகிறவருக்காக வாதாட யாரும் இல்லை.

ஒருமுறை போட்ட வரி போகாமல் ஒட்டிக்கொள்வதற்கும் காரணம் இதுவே. வரியால் பிழைக்கிறவர்கள் சிலர், ஆனால் அவர்களுக்கு அது வாழ்வா சாவா பிரச்சினை, வழக்கறிஞர் வைத்து வாதாடுவார்கள். சுமக்கிறவர்கள் கோடிப் பேர், ஆளுக்குச் சில டாலர், அதற்காக யார் மெனக்கெடுவார்கள்?

இதற்கு உச்சகட்ட உதாரணம் "கோழி வரி". 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கோழி இறைச்சி ஐரோப்பாவில் மலிவாகக் குவிந்தது, ஐரோப்பியப் பொதுச் சந்தை அதற்கு வரி போட்டது. பதிலடியாக அதிபர் லிண்டன் ஜான்சன் உருளைக்கிழங்கு மாவுச்சத்து, டெக்ஸ்ட்ரின், பிராந்தி, இலகு ரக டிரக் ஆகிய நான்குக்கும் 25 சதவீத வரி விதித்தார். 1964-இல் அமலுக்கு வந்தது. மற்ற மூன்றுக்கும் பின்னால் நீக்கிவிட்டார்கள். டிரக்குக்கு மட்டும் அறுபது ஆண்டு தாண்டியும் நிற்கிறது. முதலில் குறிவைத்தது ஜெர்மன் ஃபோக்ஸ்வாகனின் வேன்களை. நாளடைவில் அமெரிக்க நிறுவனங்களுக்கு அதுவே கோட்டைச் சுவர் ஆனது. பயணிகள் காருக்கு 2.5 சதவீதம்தான் இருந்ததால், கார் சந்தையில் ஜப்பானியரும் ஜெர்மானியரும் அவர்களை விரட்டினார்கள். பிக்கப் டிரக்கில் மட்டும் அவர்கள் நிம்மதியாக லாபம் பார்த்தார்கள்.

அந்தச் சுவர் அவர்களில் ஒருவர் மேலேயே சரிந்தது. ஃபோர்டு தன் டிரான்சிட் கனெக்ட் என்ற சிறிய சரக்கு வேனைத் துருக்கியில் செய்து 2009 முதல் அமெரிக்காவுக்கு அனுப்பியது. சரக்கு வேன் என்றால் 25 சதவீதம், பயணிகள் வண்டி என்றால் 2.5. ஆகவே ஒவ்வொரு வண்டியிலும் பின்இருக்கையும் இருக்கைப் பட்டையும் பின்ஜன்னலும் பொருத்திக் கப்பலில் ஏற்றினார்கள். அமெரிக்கத் துறைமுகத்தில் சுங்கம் தாண்டியதும் இருக்கைகளைக் கழற்றி, தரையை மூடி, ஜன்னல் இருந்த இடத்தில் பல வண்டிகளுக்குத் தகடு பொருத்திச் சரக்கு வேனாக விற்றார்கள். கழற்றிய இருக்கைகள் மறுசுழற்சிக்குப் போயின. யாருமே உட்காராத இருக்கையைச் செய்து, கடல் தாண்டிக் கொண்டுவந்து, பிய்த்து எறிவது 22.5 சதவீத வரியைவிட மலிவாக இருந்தது. சுங்கத்துறை இதை ஏற்கவில்லை. வழக்கு பல ஆண்டு நடந்து, 2019-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஃபோர்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2024-இல் 36.5 கோடி டாலர் கொடுத்து நிறுவனம் விவகாரத்தை முடித்துக்கொண்டது.